வாய் ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம்: ஜெபிக்கத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு நடைமுறை வழிகாட்டி

நெல்லைச் சீமையில் ஜெபத்துக்குப் பஞ்சமே கிடையாது. விடியுமுன் குழாய் ரேடியோவில் கீர்த்தனை, பொழுது சாய்ந்தால் கோயில் மணி, அக்டோபர் பிறந்தால் அன்பியம் அன்பியமாக (பங்கின் சிறு சிறு குடும்பக் குழுக்களாக) ஜெபமாலை, ஆளுக்கொரு நாள் உபவாச ஜெபம். இதற்குள் புதிதாக வருகிறவர் பாடுதான் திண்டாட்டம். கலியாணமாகி வந்த மருமகள், பல வருஷம் வெளியூரில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர், திடப்படுத்தல் வகுப்புக்குப் போகும் பிள்ளை, அண்மையில் ஞானஸ்நானம் பெற்றவர் என எல்லாருக்கும் ஒரே மாதிரிதான். சுற்றியிருப்பவர்கள் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு போகிறார்கள். நாமும் ஒட்டிக்கொண்டு சொல்கிறோம். முடிந்த பிறகு என்ன கேட்டோம் என்று ஒரு வரிகூட நினைவில் இல்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மத்தேயு 6:7-ஐக் காட்டி, திரும்பத் திரும்பச் சொல்லும் ஜெபமெல்லாம் வீண் என்று உங்களிடம் சொல்பவர் உண்டு. அதே மத்தேயுவில் 26:44-ஐப் பாருங்கள். கெத்செமனேயில் இயேசு மூன்றாம் தரமும் அதே வார்த்தைகளைச் சொல்லித்தான் ஜெபித்தார். 136-ஆம் சங்கீதத்தின் 26 வசனங்களும் ஒரே பல்லவியில் முடிகின்றன. ஆக, திரும்பச் சொல்வதில் குற்றமில்லை. இத்தனை தரம் சொன்னால் இன்னது கிடைத்தாக வேண்டும் என்று எண்ணிக்கையை விலையாக எண்ணி நீட்டுவதைத்தான் 6:7 கண்டிக்கிறது. அதிக வசனிப்பினால் கேட்கப்படும் என்ற நினைப்பு அந்த வசனத்திலேயே இருக்கிறது. கீழே உள்ளதெல்லாம் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) வீடு, கத்தோலிக்க வீடு இரண்டுக்கும் பொருந்தும். பொருந்தாத இடத்தைத் தனியே சொல்லியிருக்கிறோம்.

1. என்ன வேண்டும், என்ன செலவு

ஒரு வேதாகமம். சாதாரண அட்டை போட்டது சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். எழுத்து பெரியதாகப் பார்த்து வாங்குங்கள். மாலை நேரத்து விளக்கில் கண்ணைச் சுருக்கிப் படிக்கிற வேதம் ஒரு வாரத்தில் அலமாரிக்குப் போய்விடும். சிஎஸ்ஐ வீடானால் பாமாலை, கீர்த்தனைப் புத்தகமும் ஜெபப் புத்தகமும். கத்தோலிக்க வீடானால் ஒரு ஜெபமாலையும், மறையுண்மைகள் (ஜெபமாலையில் தியானிக்கும் இயேசு, மரியாள் வாழ்க்கைக் காட்சிகள்) அச்சிட்ட சிறு புத்தகமும். ஜெபமாலை மரமணியில் போதும். பளபளக்கும் விலைகூடிய மாலைக்குத் தனிப் பலன் எதுவும் கிடையாது.

இத்துடன் ஒரு 40 பக்க நோட்டும் பேனாவும். புத்தகங்களைவிட இதுதான் முக்கியம். ஏன் என்பது 5-ஆம் படியில் வரும். ஜெபிப்பதற்குச் சான்றிதழோ, உறுப்பினர் அட்டையோ, சந்தா ரசீதோ தேவையில்லை. திடப்படுத்தலுக்கும் திருமணத்துக்கும்தான் ஞானஸ்நானச் சான்று கேட்பார்கள். அந்தக் காகிதத்தையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

2. நேரத்தைப் பிடியுங்கள், 10 நிமிடம் போதும்

தொடக்கத்திலேயே ஒரு மணி நேரம் என்று தீர்மானிப்பவர் இரண்டாம் வாரத்தில் கைவிடுகிறார். 10 நிமிடம், தினமும் ஒரே நேரம், ஒரே இடம். கடற்கரைக் காரர்களுக்கு விடியற்காலை சரிப்படாது. உவரியிலோ கூத்தங்குழியிலோ அந்நேரம் வள்ளம் கடலில் நிற்கும். அவர்கள் மீன் விற்று, குளித்து, சாப்பிடுமுன் வைத்துக்கொள்ளலாம். பீடி சுற்றும் வீட்டில், தட்டை எடுத்து மடியில் வைக்குமுன். அலுவலகம் போகிறவர் பேருந்தை நம்ப வேண்டாம். பாளையங்கோட்டைக்கும் நெல்லை சந்திப்புக்கும் இடையே கூட்டத்தில் தொங்கிக்கொண்டு 10 நிமிட அமைதி கிடைக்காது.

குடும்ப ஜெபத்துக்கு மாலை 7 மணி வழக்கம்தான். ஆனால் அடுப்பில் குக்கர் விசிலடிக்கக் காத்திருக்கும்போது ஆரம்பித்தால், அம்மாவின் காது அடுப்பில்தான் இருக்கும். மூன்றாம் விசில் வரைக்கும் ஜெபம், விசில் வந்ததும் 'ஆமென்' என்று ஓடும் வீடுகள் எத்தனையோ. அடுப்பை அணைத்துவிட்டு உட்காருங்கள். கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும். அதில் வேதாகமம் இருக்கிறது என்பது நல்ல சாக்கு. அதே திரையில்தான் குழுச் செய்தியும் வந்து விழும்.

3. கர்த்தர் கற்பித்த ஜெபத்தை ஏழு நாளைக்குப் பிரியுங்கள்

சிஎஸ்ஐயில் 'பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே', கத்தோலிக்கத்தில் 'விண்ணுலகிலிருக்கிற எங்கள் தந்தையே' என்று தொடங்கும் இந்த ஜெபத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவோம். அதுவே இதன் ஆபத்து. இதில் ஏழு விண்ணப்பங்கள் உண்டு என்பது மரபான கணக்கு. முதல் மூன்று தேவனைப் பற்றியவை, பின் நான்கு நம்மைப் பற்றியவை. ஞாயிறு தொடங்கி நாளுக்கு ஒன்று என்று எடுத்துக்கொள்ளுங்கள். முழு ஜெபத்தையும் ஒரு தரம் சொல்லுங்கள். அன்றைய வரி வரும்போது மட்டும் நிறுத்தி, அதையே வீட்டில் பேசுகிற தமிழில், உங்கள் வாயால் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு நிமிடம்தான் ஆகும்.

புதன்கிழமை ஆகார விண்ணப்பம் வருகிறது என்றால் அரிசிப் பானையைத் திறந்து பார்த்துவிட்டு உட்காருங்கள். நிறைய இருந்தால் கேட்பதற்கு முன் நன்றி சொல்லவும், பக்கத்து வீட்டு நிலைமையை யோசிக்கவும் தோன்றும். குறைவாக இருந்தால் கேட்பதற்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

கடினமானது வியாழக்கிழமை. நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்களை மன்னியும் என்ற வரி. இந்த ஜெபத்தைக் கற்பித்த கையோடு, ஏழில் இந்த ஒன்றுக்கு மட்டும் இயேசு விளக்கம் சொல்கிறார் (மத்தேயு 6:14, 15). வரப்புத் தகராறு, சீர் செய்ததில் வந்த மனத்தாங்கல், பாகப் பிரிவினை எல்லாம் இந்த வரியில் வந்து நிற்கும். சபைத் தேர்தல் நடந்த வருஷத்தில் இந்த வரியைச் சத்தமாகச் சொல்லப் பாதிப் பேருக்கு நா எழாது. கூடவே கடகடவென்று சொல்லித் தாண்டிவிடத்தான் தோன்றும். தாண்டாதீர்கள். அந்த ஆளின் பெயரை மனதுக்குள் சொல்லுங்கள். மன்னிக்க முடிகிறதா, சொல்லுங்கள். முடியவில்லையா, 'முடியவில்லை ஆண்டவரே, அதற்கு மனசைத் தாரும்' என்று அதையே சொல்லுங்கள். பொய்யாக மன்னித்துவிட்டதாகச் சொல்வதைவிட இது மேல்.

ஏழு நாள் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. மூன்று நான்கு வாரத்தில் ஞாயிறு ஆராதனையில் எல்லாரோடும் சேர்ந்து வேகமாகச் சொல்லும்போதுகூட ஒவ்வொரு வரியும் உங்களுக்குத் தட்டும். ஆராதனைப் பாவ அறிக்கையையும் இப்படியே பிரிக்கலாம். அதில் செய்யத் தகாததைச் செய்ததும் வரும், செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதும் வரும். பலருக்கு இரண்டாவதில்தான் பட்டியல் நீளம்.

4. ஜெபமாலையில் வேகம்தான் முதல் எதிரி

கத்தோலிக்கர் அல்லாதவர்கள் அடுத்த படிக்குப் போகலாம்.

ஜெபமாலையில் மொத்தம் 59 மணி. 53 சிறியவை, 6 பெரியவை. சிறிய மணிக்கு ஒரு தரம் சொல்லும் 'அருள்மிகப் பெற்ற மரியே' ஜெபத்தைத் தமிழில் திருத்தமாகச் சொல்ல 15 விநாடி பிடிக்கும். 53-க்கு 13 நிமிடத்துக்கு மேல். விசுவாச அறிக்கை, பரலோக மந்திரங்கள் (கர்த்தர் கற்பித்த ஜெபம்தான்), திரித்துவப் புகழ், மறையுண்மை அறிவிப்பு எல்லாம் சேர்த்தால் 20 நிமிடம். உங்கள் வீட்டில் 11, 12 நிமிடத்தில் முடிகிறதென்றால் வார்த்தைகளை விழுங்குகிறீர்கள் என்று அர்த்தம்.

எங்கே விழுங்குகிறோம் என்று ஒருநாள் காது கொடுத்துக் கேளுங்கள். முன்சொல்பவர் 'உம்முடைய திருவயிற்றின் கனியாகிய...' என்று வரும்போதே மற்றவர்கள் 'புனித மரியே' என்று ஏறிவிடுகிறார்கள். அதற்கு நடுவில் அகப்பட்டுக் காணாமல் போவது 'இயேசு' என்ற பெயர். அந்தப் பெயர்தான் இந்த ஜெபத்தின் மையம் என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2002-இல் ஜெபமாலை பற்றி எழுதிய மடலில் சொல்லியிருக்கிறார். ஒளியின் மறையுண்மைகள் சேர்ந்ததும் அந்த மடலில்தான். மறையுண்மையை அறிவித்தபின் கொஞ்சம் அமைதி காக்கவும் அதிலேயே சொல்லியிருக்கிறது.

ஆகவே செய்ய வேண்டியவை:

முன்சொல்பவர் 'இயேசுவும் ஆசி பெற்றவரே' என்று முழுதாக முடித்து ஒரு மூச்சு விட்டபின்தான் மற்றவர்கள் தொடங்க வேண்டும். இந்த ஒரு திருத்தம் போதும், பாதி சடங்குத்தனம் போய்விடும்.

மறையுண்மையைச் சொன்னதும் மூன்று மூச்சு அமைதி. திங்கள், சனி மகிழ்ச்சி. செவ்வாய், வெள்ளி துயரம். புதன், ஞாயிறு மகிமை. வியாழன் ஒளி. காட்சியைக் கண்முன் கொண்டுவாருங்கள். துயர மறையுண்மையில் சிலுவை சுமக்கும் காட்சி என்றால் பாரம், வெயில், கால் தடுமாற்றம் என்று ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டால் அந்த மறையுண்மைக்குரிய பத்துச் சிறு மணிகளுக்கும் அது தாங்கும்.

ஒவ்வொரு பத்து மணித் தொகுதிக்கும் ('பத்து' என்போம்) ஒரு ஆள். முதல் பத்து மகளின் பிரசவத்துக்கு, இரண்டாவது துபாயில் இருக்கும் தம்பிக்கு என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நேரம் குறைவாக இருந்தால் ஐந்து பத்தையும் ஓட்டாதீர்கள். இரண்டு பத்தைச் சரியாகச் சொல்லி நிறுத்துங்கள். பாவமில்லை. பீடி சுற்றிக்கொண்டே ஜெபிப்பவர்கள் மணியைப் பிடிக்க முடியாது. அவர்கள் எண்ணிக்கையையே விட்டுவிட்டு, ஒரு கட்டு முடிகிறவரைக்கும் ஒரு மறையுண்மை என்று வைத்துக்கொள்ளலாம்.

5. சொந்த வார்த்தையில் ஜெபித்தாலும் சடங்காகும்

புத்தக ஜெபம் சடங்கு, மனசிலிருந்து வரும் ஜெபம் உண்மை என்று நம்முடைய ஆட்கள் பலர் நினைக்கிறார்கள். சரியில்லை. எந்த வீட்டு ஜெபக்கூட்டத்துக்கும் போய்க் கேளுங்கள். 'கடந்த நாள் முழுவதும் கண்ணின் மணிபோலக் காத்தீரே, உம்முடைய செட்டைகளின் நிழலிலே மறைத்தீரே, காணக் கூடாத இந்த நாளைக் காணச் செய்தீரே' என்று ஐந்து நிமிடம் போகும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் 'ஸ்தோத்திரம் ஐயா'. அடுத்தவர் ஆரம்பித்தாலும் இதேதான். வார்த்தைகள் வேதத்திலிருந்து வந்தவை, அழகானவை. ஆனால் மனப்பாடம். அச்சில் இல்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

இங்கேதான் அந்த 40 பக்க நோட்டு. ஜெபத்துக்கு முன் 2 நிமிடம் எடுத்து மூன்று தலைப்பில் எழுதுங்கள். நேற்றிலிருந்து இன்றுவரை நடந்த ஒரு நல்லது. செய்த ஒரு தப்பு. கேட்க வேண்டிய ஒன்று அல்லது இரண்டு. தலைப்புக்கு ஒரு வரிக்கு மேல் வேண்டாம். எழுதும்போது விவரமாக எழுதுங்கள். 'எல்லா நன்மைகளுக்காகவும்' என்று எழுதினால் அடித்துவிட்டு, 'கால்வாயில் தண்ணீர் திறந்துவிட்டதற்காக' என்று எழுதுங்கள். 'என் பாவங்களை மன்னியும்' என்பதை அடித்துவிட்டு, 'மாமியாரிடம் பொய் சொன்னேன்' என்று எழுதுங்கள். எழுத வெட்கமாக இருந்தால் மனசில் வைத்துக்கொள்ளலாம். நோட்டு அடுத்தவர் கையில் கிடைக்கும் வீடுகள் உண்டு.

பிறகு அந்த மூன்று வரியை மட்டும் சொல்லி ஜெபியுங்கள். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும், என்னவோ போலிருக்கும். இருக்கட்டும். லூக்கா 18-இல் ஆயக்காரன் (வரி வசூலிப்பவன்) ஜெபத்தில் சொன்னது ஒரே வாக்கியம்.

மாதக் கடைசியில் நோட்டைப் புரட்டி, நடந்ததற்கு ஒரு கோடு போடுங்கள். நடக்காததை அப்படியே விடுங்கள். கேட்டது கிடைக்காதபோது 'விசுவாசம் போதவில்லை' என்று உங்கள் தலையில் பழி சுமத்துகிறவரிடம் நோட்டைக் காட்டாதீர்கள்.

ஆயிரம் துதி வரிகள் கொண்ட 'ஆயிரம் ஸ்தோத்திரம்' புத்தகத்தைச் சொல்லும் வழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு கணக்கு: ஒரு மணி நேரத்தில் ஆயிரம் என்றால் ஒன்றுக்கு நாலு விநாடிகூட இல்லை. அந்த வரிகள் பெரும்பாலும் வேதத்தில் தேவனுக்குச் சொல்லப்பட்ட பெயர்கள். தினம் பத்து வரி எடுத்து, எந்த வசனத்திலிருந்து வந்தது என்று திறந்து பார்த்துச் சொன்னால் 100 நாளில் புத்தகம் முடியும். எல்லாரும் சேர்ந்து ஒரே மூச்சில் சொல்லும் கூட்டத்துக்குப் போவதைத் தடுக்கவில்லை. அதையே உங்கள் தனி ஜெபமாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

6. மனம் ஓடினால்

ஓடும். எல்லாருக்கும் ஓடும். ஓடியதைத் துரத்திக்கொண்டு போய் ஏன் ஓடியது என்று ஆராய்ந்தால் மீதி நேரமும் அதிலேயே போகும். விட்ட வரிக்குத் திரும்புங்கள், அவ்வளவுதான். ஒரே விஷயம் தினமும் வந்து குறுக்கே நின்றால் (கடன் தவணை, பிள்ளையின் மார்க்கு) அதைத் தொந்தரவாக எண்ணாமல் நோட்டில் கேட்க வேண்டியது பட்டியலில் ஏற்றுங்கள். ஒருவேளை நீங்கள் ஜெபிக்க வேண்டியதே அதுதான். தூக்கம் வந்தால் எழுந்து நின்று சொல்லுங்கள், அல்லது சத்தமாக வாசியுங்கள்.

7. நவநாள், பொருத்தனை, காணிக்கை

புதிதாக வருகிறவர் பணத்தையும் நிம்மதியையும் ஒருசேர இழப்பது இங்கேதான். நிதானமாகப் படியுங்கள்.

நவநாள் ஒன்பது நாள், அந்தோனியார் பக்தியில் 13 செவ்வாய். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் எல்லாம் பாழ், முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று பயமுறுத்துவார்கள். அப்படி ஒரு விதி இல்லை. காய்ச்சலில் படுத்தீர்களா, அடுத்த நாள் தொடருங்கள். 'இதை 11 பேருக்கு அனுப்பினால் நல்ல செய்தி வரும், அனுப்பாவிட்டால் கெடுதல்' என்று கைப்பேசியில் வரும் படங்களை அழித்துவிடுங்கள். அது ஜெபத்தில் சேர்த்தி இல்லை.

பொருத்தனை, கத்தோலிக்கர் சொல்வது நேர்ச்சை. அவசரத்தில், ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு நேராதீர்கள். நேர்ந்துகொண்டதைச் செய்யாமல் போவதைவிட நேராமல் இருப்பதே நலம் என்று பிரசங்கி 5:5 சொல்கிறது. ஏற்கெனவே நேர்ந்துவிட்டு முடியாமல் தவிக்கும் கத்தோலிக்கர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய மூன்று சட்டங்கள் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் உண்டு. 1193: நேர்ச்சை நேர்ந்தவரை மட்டுமே கட்டும். அம்மா நேர்ந்த மொட்டை மகனைக் கட்டாது. 1196: நியாயமான காரணம் இருந்தால் தனிநபர் நேர்ச்சையிலிருந்து பங்குத்தந்தையே விடுவிக்கலாம். 1197: நேர்ந்தவரே அதைச் சமமான அல்லது மேலான வேறொரு நற்செயலாக மாற்றிக்கொள்ளலாம். பங்குச் சாமியைத் தனியே பார்த்து விஷயத்தைச் சொல்லுங்கள். எழுத்து மனு எதுவும் கேட்க மாட்டார்கள். இது தெரியாமல் வருஷக்கணக்காகப் பயத்திலேயே கிடக்கிறவர்கள் நம் ஊரில் நிறைய. சிஎஸ்ஐயில் இப்படித் தனிச் சட்டம் தேட வேண்டாம், சேகர குருவிடம் (உங்கள் சபைப் போதகரிடம்) பேசினால் போதும்.

திருப்பலிக் கருத்துக்கு (ஒருவருக்காகவோ ஒரு தேவைக்காகவோ பூசை ஒப்புக்கொடுக்கச் சொல்வதற்கு) காணிக்கை எவ்வளவு என்று பங்கு அலுவலகத்தில் கேளுங்கள். தொகையை ஆயர்கள் தீர்மானிக்கிறார்கள், அதற்குமேல் கேட்கக் கூடாது. அதைக் குறித்துவைக்கப் பங்கில் பதிவேடு இருக்க வேண்டும் (சட்டம் 958). யாருக்காக, என்ன கருத்து, எந்தத் தேதி என்று ஒரு துண்டுச் சீட்டில் தெளிவாக எழுதிக் கொடுங்கள். நினைவு நாளானால் இரண்டு வாரம் முந்தியே கொடுப்பது நல்லது. தூத்துக்குடி பனிமய மாதா திருவிழாவான ஆகஸ்ட் 5-ஐ ஒட்டிய நாட்கள், மணப்பாட்டின் செப்டம்பர் 14 போன்றவற்றுக்குக் கடைசி நேரத்தில் போனால் பெயர் வாசிக்கும் கூட்டுக் கருத்தில்தான் சேர்ப்பார்கள். காசில்லை என்றாலும் கேளுங்கள். ஏழைகளின் கருத்துக்குக் காணிக்கை இல்லாமலும் திருப்பலி ஒப்புக்கொடுக்குமாறு சட்டம் 945 குருக்களை வலியுறுத்துகிறது.

சிஎஸ்ஐயில் ஸ்தோத்திரக் காணிக்கைக்கு உறையின்மேல் பெயரும் காரணமும் எழுதுவது வழக்கம். ஆராதனை தொடங்குமுன் கொடுங்கள். பெயர் வாசிக்கப்படுவது பிடிக்கவில்லை என்றால் பெயர் எழுதாமல் பையில் போடலாம். அதிலும் குறைவில்லை.

8. வீட்டுக்கு ஜெபிக்க ஆட்கள் வரும்போது

டீ, பிஸ்கட் அல்லது சுண்டலோடு நிறுத்துங்கள். ஒரு வீட்டில் பிரியாணி போட்டால் அடுத்த வீட்டுக்காரர் கூட்டத்தைக் கூப்பிடவே யோசிப்பார். ஜெபக் குறிப்பை மூன்று வரியில் எழுதி, ஜெபத்தை நடத்த வரும் உபதேசியாரிடம் முன்பே கொடுத்துவிடுங்கள். வாய்ச்சொல்லாகச் சொன்னால் கதை நீளும். அடுத்தவர் வியாதியையோ, ஒரு பெண்ணின் திருமணச் சிக்கலையோ சம்பந்தப்பட்டவரைக் கேட்காமல் குறிப்பில் சேர்க்காதீர்கள். ஜெபக் குறிப்பு என்ற பெயரில் மறுநாள் தெருவெல்லாம் பரவும்.

'விசேஷ ஜெபம்' என்று தொகை சொல்லிக் கேட்பவர், எண்ணெய்க் குப்பிக்கு விலை சொல்பவர், சர்க்கரை மாத்திரையை நிறுத்தினால்தான் விசுவாசம் என்பவர், இந்த மூவரையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். மாத்திரையை எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்த வேண்டாம்.

9. ஒரே வரியைத் திரும்பச் சொல்ல வேண்டிய நேரம்

ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில், ஆபரேஷன் தியேட்டர் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். அங்கே நோட்டும் வராது, ஏழு விண்ணப்பமும் வராது. எரிகோ வழியில் பர்திமேயு கூப்பிட்ட மாதிரி 'இயேசுவே, தாவீதின் குமாரனே, எனக்கு இரங்கும்' என்ற ஒரு வரி போதும் (மாற்கு 10:47). எனக்கு என்ற இடத்தில் உள்ளே இருப்பவர் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். மூச்சை இழுக்கும்போது முதல் பாதி, விடும்போது மறுபாதி. எண்ண வேண்டாம். கூட இருக்கும் சொந்தக்காரர் சத்தமாக ஜெபிக்கச் சொன்னால், பக்கத்துப் பெஞ்சில் இருப்பவர்களும் இதே கவலையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று மெதுவாகச் சொல்லிவிடுங்கள். நர்ஸ் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வரியைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போங்கள். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்து மீதியைச் சொல்லலாம்.